செத்துப்போகாத தகடு

அலாரம் கடிகாரத்துல கத்துமே, அந்தப் பித்தளைத் தகடு, அதாங்க பீசோ. கல்லூரி ப்ராஜெக்டுக்கு ஒரு ரூபாய் காசு சைஸ்ல ஒண்ணு வாங்கி, எபாக்ஸி பூசி, மேஜைமேல 4 கிலோஹெர்ட்ஸ்ல அலற விட்டேன். மறுநாள் தேர்வாளர் முன்னாடி வாளித் தண்ணில இறக்கினா... கப்சிப்! "செத்துருச்சு சார்"னு சொல்லி மார்க்கையும் தாரை வார்த்தேன்.

அது சாகலைங்க. தண்ணிக்குள்ள தகடு அதிரணும்னா, ஒட்டியிருக்கிற தண்ணியையும் சேர்த்து ஆட்டணும். அந்தக் கூடுதல் பாரத்துல இந்த மாதிரி மெல்லிசுத் தகட்டோட ஒத்ததிர்வு அதிர்வெண் பாதி வரைக்கும் இறங்கிடும். கூர்மையும் மழுங்கிடும். 1917-லயே லாஞ்செவின் குவார்ட்ஸைத் தண்ணிக்குள்ள அதிர வெச்சவர். நமக்குத்தான் குமிழைத் திருப்பத் தோணலை.

போன வாரம் பரண்ல அதே தகடு கிடைச்சுது. இரவல் சிக்னல் ஜெனரேட்டர், ஒரு வாளித் தண்ணி. 4-லேர்ந்து மெல்ல இறக்கினேன். 2-ஐ நெருங்கினதும் விர்ர்ர்! வாளில காதை வெச்சிருந்த பையன் சொன்னான்: "அப்பா, உயிரோடதான் இருக்கு!"