விழுந்தவனின் கணக்குக் கொப்பி

'வங்குரோத்து' என்ற சொல்லை எமது ஊரார் பாவிப்பதில்லை. "ஆள் விழுந்திட்டார்" என்பார்கள். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியபோதுதான் அந்தச் சொல் தேநீர்க்கடை வரைக்கும் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முந்தியே நான் விழுந்திருந்தேன்.

ஆசிரியச் சம்பளத்தோடு 4 ஏக்கர் குத்தகை வயலும் செய்துவந்தேன். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அது தளர்ந்தபோதும் எனது பெரும்போகப் பயிருக்கு யூரியா கிடைக்கவில்லை. ஏக்கருக்கு 30 மூடை கண்ட வயல் 11 மூடையோடு நின்றது. வங்கிக் கடனோ மாறும் வட்டி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதும் எனது தவணைப் பணமும் ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். சம்பளம் அந்த வேகத்தில் ஓடவில்லை.

கடனிறுக்க இயலாதோருக்கென இலங்கையில் 1853இலேயே ஒரு கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. எங்களூரில் எவரும் அதை நாடி நீதிமன்றப் படியேறியதாகக் கேள்விப்பட்டதில்லை. கடன் தந்தவரைப் பள்ளியிலும் சந்தையிலும் தினமும் காண வேண்டியிருக்கிறது. நெல் ஆலைக்காரரின் மகன் எனது எட்டாந்தர வகுப்பில் முன்வாங்கில் இருந்தான். அவனுக்கு ஒரு புள்ளியைக் கூட்டவும் கை கூசியது, குறைக்கவும் கூசியது. அந்தத் தவணை அவனது விடைத்தாளை வேறோர் ஆசிரியரைக் கொண்டு திருத்துவித்தேன்.

ஒரு சீ.ஆர். கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினேன். வங்கி 6 இலட்சம், ஆலைக்காரர் 3 இலட்சம், கைமாற்று 1 இலட்சம், கடைகள் 80 ஆயிரம், கூலி 60 ஆயிரம். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "முதல்ல கூலிக்காரங்கட காசக் குடுங்க. பேங்க் பட்டினி கிடக்காது" என்றார். கொப்பியின் வரிசையே தலைகீழானது. மோட்டார் சைக்கிளை விற்றுக் கூலியைக் கொடுத்து முடித்தேன். சைக்கிளில் பாடசாலை போனேன். மனைவி விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தார்.

மற்றவர்களிடம், அவர்கள் தேடி வருமுன் நானே போனேன். "எப்ப தருவீங்க சேர்?" என்றவர்களிடம் மாதத்தையும் தொகையையும் சொல்லி, அவர்கள் முன்னாலேயே எழுதினேன். வங்கியில் கடிதம் கொடுத்துத் தவணைக் காலத்தை நீட்டினேன். மாதப் பணம் குறைந்தது, மொத்த வட்டி கூடியது. அதைத் தெரிந்துகொண்டே கையொப்பமிட்டேன்.

ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினருள் கடனாளிகளும் அடங்குவர். பள்ளி நிர்வாகத்தில் ஒருவர், "உங்கட பேர எழுதவா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கு மாதச் சம்பளம் இருந்தது. எனது வயலில் கூலிக்கு நின்று, அதே போகத்தில் நுண்கடனில் மாட்டிய ஒருவரின் பெயரைச் சொன்னேன்.

நாடு தனது சர்வதேசப் பிணைமுறிகளை மறுசீரமைத்து மாற்றிக்கொண்ட 2024 டிசம்பரில் ஆலைக்காரரின் பெயரை வெட்டினேன். வங்கிக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வயல் செய்யக் கேட்டு வரும் இளம் ஆசிரியர்களிடம், மூன்று மாதச் செலவைத் தனியே ஒதுக்கிவிட்டு இறங்குங்கள் என்கிறேன். எனது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இப்போது அந்தக் கணக்குத்தான் வளர்கிறது. ஒரு மாதத்துக்கானது சேர்ந்துவிட்டது.