இழுப்பறைகளின் ஐந்தொகை

மின்னணுக் கருவிகளைப் பொழுதுபோக்காகச் செய்து பார்ப்பவர்களுக்கு ஊர்கள் இரண்டே வகை. உதிரி பாகக் கடைத்தெரு உள்ள ஊர், இல்லாத ஊர். சென்னைவாசிக்கு ஒரு பாகம் குறைந்தால் ரிச்சி தெருவுக்குப் போய்விட்டு மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். மும்பைக்காரருக்கு லாமிங்டன் சாலை இருக்கிறது, பெங்களூர்க்காரருக்கு எஸ்.பி. சாலை. காரைக்குடியில் வசிக்கும் எங்களுக்கோ ரிச்சி தெரு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தொலைவு. உள்ளூர்க் கடைகள் பழுதுபார்ப்பவர்களை நம்பி நடப்பவை. அவர்கள் அன்றாடம் மாற்றும் பாகங்கள் அங்கே கிடைக்கும். எங்களைப் போன்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கேட்கும் பாகத்தை வாங்கி வைக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

இத்தனைக்கும் மின்னோடு உறவில்லாத ஊர் அன்று இது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் ஆய்வகத்துக்குப் பண்டகசாலை உண்டு, அதற்கென்று ஆட்கள் உண்டு. பொழுதுபோக்காளனுக்கு இருப்பதெல்லாம் ஒரு மேசை, சில டப்பாக்கள், வீட்டாரின் பொறுமை. மூன்றிலும் கடைசியாகச் சொன்னதே விரைவில் தீர்ந்துபோகும் சரக்கு.

நாங்கள் இப்போது மூவர். முன்பு நால்வராக இருந்தோம். நாலாமவர் எங்களில் மூத்தவர். அண்ணன் என்றே அழைத்தோம். மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் மணி, சிறிய ஒலிபெருக்கி, மின்வெட்டு நேரத்தில் தானே எரியும் விளக்கு இவையெல்லாம் அவர் மேசையில் பிறந்தவை. வேலையைக் கற்றுக்கொடுப்பதற்கு முன் அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது கணக்கு.

கடைக்காரர்கள் ரெசிஸ்டர் என்று சொல்லும் மின்தடையையே எடுத்துக்கொள்வோம். அதன் மதிப்புகள் ஒரு வரிசைப்படி செய்யப்படுகின்றன. பத்து சதவீதப் பிழைவரம்புக்கு ஏற்பட்ட வரிசையில் பத்துமடங்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு மதிப்புகள்: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. பத்து ஓமில் தொடங்கி பத்து லட்சம் ஓம் வரை போனால் 61 வகை. வகைக்குப் பத்து என்றாலும் 610 உருப்படிகள். எல்லாவற்றையும் வாங்கி வைப்பது எளிது, விலை சொற்பம். ஆனால் அவற்றைக் கலந்துவிட்டால் அந்த 610-இல் நமக்கு ஒன்றுகூட இல்லை. பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு வளையங்கள் மாலை வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளக்க உட்கார்ந்தால் அன்றைய ஞாயிறு போயிற்று.

அண்ணனின் முறை இதுதான். ஒவ்வொரு வகையும் இரண்டு உறைகளில் இருக்கும். முதல் உறையிலிருந்து எடுத்துப் பயன்படுத்த வேண்டும். அது காலியானவுடன் அதன் மேல் ஒட்டிய சீட்டு, வாங்க வேண்டியவற்றின் டப்பாவுக்குப் போகும். இரண்டாம் உறை திறக்கப்படும். இரண்டாம் உறையில் எத்தனை இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மாதம் இருபது டயோடுகள் செலவாகும், சரக்கு வந்துசேரப் பத்து நாளாகும் என்றால், காத்திருக்கும் காலத்தில் ஏழு தேவைப்படும். கூரியர் தாமதிக்கலாம், ஒன்றிரண்டு புகையலாம். ஆகவே பதினைந்து.

மாதத்துக்கு ஒருமுறை, முதல் ஞாயிறன்று, சீட்டுகளைக் கொட்டிப் பட்டியல் எழுதுவோம். பத்து ரூபாய்ப் பாகத்துக்கு அதைப்போலப் பல மடங்கு கூரியர் செலவு செய்வதில் பொருளில்லை. ஆகவே மூவர் தேவையும் ஒரே பொட்டலத்தில் வரும். பட்டியலில் மாற்றுப் பாகத்துக்கும் ஓர் இடம் உண்டு. பி.சி. 547 டிரான்சிஸ்டர் இல்லையென்றால் பி.சி. 548 பெரும்பாலும் போதும், மின்னழுத்தம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2 என் 3904-உம் பல இடங்களில் ஒத்துப்போகும். ஆனால் அதன் கால்களின் வரிசை தலைகீழ். இதைப் பட்டியலிலேயே எழுதிவைக்காவிட்டால் நள்ளிரவில் நினைவுக்கு வராது.

இருப்பு என்பது அசையாமல் இருப்பதுமன்று. எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் உயிர், அலுமினியத் தகட்டின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். பல ஆண்டுகள் மின்னழுத்தம் படாமல் கிடந்தால் அது நலிகிறது. ஒரு மின்தடை வழியாக மெல்ல மெல்ல மின்னழுத்தத்தை ஏற்றினால் பெரும்பாலும் மீண்டும் உருவாகிறது. மின்வேதியியல் ஆய்வகம் உள்ள ஊரில் இந்தச் சின்ன மின்வேதியியலையாவது அறிந்திருக்க வேண்டாமா என்பார் அண்ணன். சீமாஸ் வகை ஐ.சி.க்களைத் தெர்மாகோலில் குத்திவைக்க விடமாட்டார். அதில் சேரும் நிலைமின்னே அவற்றைக் கொன்றுவிடும். மின்கடத்தும் கறுப்புப் பஞ்சுதான் அவற்றுக்குப் படுக்கை.

இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று தோன்றினால், 2021-ஐ நினைத்துப் பார்க்கலாம். உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்து, பெரிய கார்த் தொழிற்சாலைகளே ஒரு சிறு சில்லுக்காக நின்றன. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு சில்லுகளை மாதக்கணக்கில் இருப்பு வைக்கும் ஏற்பாட்டைச் செய்திருந்த டொயோட்டா, மற்றவர்களைவிட அதிக நாள் தாக்குப்பிடித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைத்தது. இருப்பு காலத்தை வாங்கித் தரும், காப்புறுதி தராது.

காலம் அண்ணனுக்குத்தான் கிடைக்கவில்லை. அவர் போய் மூன்று ஆண்டுகளாகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. செட்டிநாட்டில் வீடு விற்பது என்றால் என்ன என்பது இந்தப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். தேக்குத் தூண்களும் கதவுகளும் பீங்கான் ஜாடிகளும் முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேரும். எந்தப் பெண்ணின் கல்யாணத்தில் பரப்பிய சாமான், யார் பெயர் வெட்டிய பாத்திரம் என்று கேட்பாரில்லை. சிட்டையும் பேரேடும் ஐந்தொகையுமாகக் கடல்கடந்த வணிகத்தை எழுதிவைத்த சமூகம் இது. கணக்கேடும் பொருளும் வேறுவேறு கைகளுக்குப் போனபின் மிஞ்சுவது எடை மட்டுமே.

அண்ணனின் நாற்பது இழுப்பறை அலமாரிக்கும் விலை பேசப்பட்டது. மரத்துக்குத்தான் விலை, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுத் தரச் சொன்னார்கள். ஆச்சி எங்களை அழைத்து ஒரு நீளமான குறிப்பேட்டைக் கொடுத்தார்கள். "அவுக இதப் பாத்துத்தான் எல்லாம் எடுப்பாக. இது இருந்தா ஒங்களுக்கு ஒதவுமா?" என்று கேட்டார்கள். உதவியது. இரண்டு நாளில், இழுப்பறை எண்படி, அத்தனையும் அட்டைப் பெட்டிகளுக்கு மாறின. குறிப்பேடு இல்லாதிருந்தால் அதைக் குப்பை என்று சொல்ல எங்களுக்கும் ஒரு நாள் போதுமாயிருந்திருக்கும்.

அந்தக் குறிப்பேட்டில் எந்தக் கடையின் இருப்புப் பதிவிலும் நாங்கள் பார்த்திராத ஒரு நிரல் இருந்தது: எதற்காக. வாங்கிய ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே அது எழுதப்பட்டிருந்தது. தொட்டி மணி, பக்கத்து வீட்டு ரேடியோ, பள்ளிக் கண்காட்சி என்று. பாதிக்கு மேல் அடித்துவிடப்பட்டவை. வேலை முடிந்தது என்று பொருள். அடிக்கப்படாத வரிகளை நாங்கள் பிரித்துக்கொண்டோம். பள்ளிக்கு உரியது பள்ளிக்குப் போயிற்று. பழைய கெப்பாசிட்டர்களை அவர் சொன்ன முறையில் எழுப்பினோம், எழாதவற்றைக் கழித்தோம்.

கணக்கில் ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. பெட்டியில் இருக்கும், ஆனால் இருப்பில் சேராது. ஏற்கெனவே ஒருவருக்கு உரியது. முப்பத்தொன்றாம் இழுப்பறையில் இரண்டு ஜெர்மானியம் டயோடுகளும் ஒரு கேங்கும் ஒரு ஃபெரைட் தண்டும் இருந்தன. எதிரே எழுதியிருந்தது: பேத்திக்கு, மின்கலம் இல்லாமல் பாடும் ரேடியோ. ஜெர்மானியம் டயோடு இப்போது கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை. சென்ற ஆண்டு எங்களுக்கே ஒன்று தேவைப்பட்டது. வாங்க வேண்டியவற்றின் டப்பாவில் சீட்டைப் போட்டுவிட்டு ஏழு வாரம் காத்திருந்தோம். பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. விடுமுறையில் அவள் ஊருக்கு வரும்போது சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதுவரை எங்கள் மாதாந்தர ஐந்தொகையில் முப்பத்தொன்றாம் வரியின் இருப்பு, பூஜ்யம் என்றே எழுதப்படும்.