அளந்து ஊற்றிய நீர்



எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஓர் அடீனியம் செடி இருக்கிறது. பாலைவன ரோஜா என்று செடி விற்பவர்கள் சொல்வார்களே, அதுதான். அடித்தண்டு பானைபோல் பருத்திருக்கும். மேலே கிளைகள் மெலிந்து பிரிந்து, நுனிகளில் இளஞ்சிவப்புப் பூக்களைக் கொத்தாக ஏந்தி நிற்கும். அந்தப் பருத்த தண்டின் ஒரு பக்கத்தில், கத்தியால் குடைந்தெடுத்த பள்ளம் ஒன்று ஆறிக் காய்ந்திருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் என் உம்மாவின் கடைசி இரண்டு ஆண்டுகளைச் சொல்ல வேண்டும்.

இந்தச் செடியின் தாயகம் ஆப்பிரிக்கா. மேற்கே செனகலில் தொடங்கி, சஹாராவுக்குத் தெற்கேயுள்ள வறண்ட நிலங்களின் வழியே கிழக்கே சோமாலியா, கென்யா வரை இது வளர்கிறது. செங்கடலுக்கு அப்பால் யமன், ஓமான் மலைச்சரிவுகளிலும் உண்டு. பீட்டர் ஃபோர்ஸ்கோல் என்ற இயற்கையியலாளர் யமனில் இதைக் கண்டு பதிவு செய்தார். அவர் 1763இல் அந்த மண்ணிலேயே நோயுற்று இறந்தார். அவருடைய குறிப்புகள் 1775இல்தான் நூலாக வெளிவந்தன. அடீனியம் என்ற பெயர் ஏடன் நகரின் பெயரோடு தொடர்புடையது. அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் இதன் சாறு நஞ்சு. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் வேட்டையாடுவோர் அம்பு நுனியில் இதைத் தடவியிருக்கிறார்கள். கிளையை வெட்டினால் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது. குழந்தைகளும் ஆடுகளும் கடிக்காத இடத்தில் வைக்க வேண்டும்.

மழை எப்போதாவது பெய்யும் நிலத்தில் பிறந்த செடி இது. பெய்யும்போது குடித்த நீரை அடித்தண்டில் சேர்த்து வைத்து, மாதக்கணக்கில் அதைக் கொண்டே உயிர் வாழும். ஆகவே இது தாகத்தால் சாவது அரிது. பெரும்பாலும் சாவது, நாம் ஊற்றும் தண்ணீரால்தான்.

உம்மா இதை விதையிலிருந்து வளர்த்தார்கள். இரட்டைக் கொம்புபோல் காய்க்கும் இதன் காய் முற்றி வெடித்தால், இரு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் கொண்ட விதைகள் காற்றில் பறந்துவிடும். அதனால் காய் முற்றுமுன் நூலால் கட்டிவிடுவார்கள். ஆற்றுமணல், உடைத்த செங்கல் சில்லு, கொஞ்சம் மட்கிய எரு ஆகியவைதான் அவர்களுடைய கலவை. தொட்டி மாற்றும்போதெல்லாம் வேரின் மேற்பகுதி சற்று வெளியே தெரியும்படி செடியை உயர்த்தி நடுவார்கள். நாளெல்லாம் வெயில் படும் இடத்தில் வைப்பார்கள். நீர் ஊற்றும் முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று தண்ணீர் இல்லை. ஐப்பசி மழை தொடங்கினால் தொட்டியைத் தூக்கிக் கூரைக்குக் கீழே வைத்துவிடுவார்கள்.

உம்மாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தபோது மருத்துவர் முதலில் பேசியது மருந்தைப் பற்றியல்ல, தண்ணீரைப் பற்றித்தான். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளில் உடலுக்குள் போகும் நீர் எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டருக்குள் இருக்க வேண்டும். தேநீர், ரசம், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். மீறினால் நீர் வெளியேற வழியின்றிக் கால்களில் தேங்கும். பின்னர் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும் என்றார்கள். இளநீரும் பேரீச்சம்பழமும் பொட்டாசியம் மிகுந்தவை என்பதால் அவற்றையும் தவிர்க்கச் சொன்னார்கள். அளவுக் குவளையும் குறிப்பேடும் என் கைக்கு வந்தன.

தாகித்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதன் நன்மையைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி புகாரியில் இருக்கிறது. அப்படியிருக்க, பெற்ற தாய் தண்ணீர் கேட்கிறார்கள், நான் குறிப்பேட்டைப் பார்த்து இல்லை என்கிறேன். சித்திரை வெயிலில் ஒருநாள் இரவு மூன்றாம் முறையாகக் கேட்டபோது, “எத்தனை தடவைதான் சொல்வது உம்மா?” என்று குரலை உயர்த்திவிட்டேன். பெற்றோரிடம் ‘சீ’ என்றுகூடச் சொல்லலாகாது என்ற இறைக்கட்டளையை மனப்பாடமாக அறிந்தவள் நான். உம்மா ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அன்று பஜ்ர் வரை எனக்கு உறக்கமில்லை.

ரமழான் வந்தது. நோன்பு நோற்க இயலாத உம்மாவுக்காக ஃபித்யா கொடுத்தோம். ஆயினும் மஃரிப் பாங்குக்கு முன் எங்களோடு வந்து அமர்ந்துவிடுவார்கள். அவர்கள் பங்கு அரைக் கரண்டி நோன்புக் கஞ்சி மட்டும். அந்த நாட்களில்தான் உம்ரா முடித்து வந்த உறவினர் ஒருவர் ஜம்ஜம் நீர் கொண்டுவந்தார். உம்மாவின் முகம் மலர்ந்தது. நான் அளவுக் குவளையை எடுத்தேன்.

“ஜம்ஜமுக்குமா கணக்கு?” என்றார்கள்.

எனக்குப் பதில் வரவில்லை. ஐம்பது மில்லி அளந்து கொடுத்தேன். உம்மா பிஸ்மில்லாஹ் சொல்லி, மூன்று மடக்காகக் குடித்து, நெடுநேரம் துஆ செய்தார்கள். மாலைத் தேநீரில் அந்த அளவைக் குறைத்தேன்.

பெருநாள் முடிந்த வாரத்தில் மாடிக்குப் போன நான் திகைத்துப்போனேன். அடீனியத்தின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தன. தண்டை அழுத்தினால் கல்போல் இருக்க வேண்டிய இடத்தில் விரல் உள்ளே இறங்கிற்று. அழுகல் வாடையும் அடித்தது. தாகத்தால் சுருங்கிய தண்டும் மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் அதில் வாடை இராது, நீர் ஊற்றினால் சில நாளில் தேறிவிடும். இது அழுகல். நானோ பத்து நாளாக அதற்கு நீர் ஊற்றவேயில்லை.

கீழே வந்து கேட்டேன். உம்மா சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்கள்: “நான்தான் ஊற்றினேன். அஸருக்குப் பிறகு தாகம் தாங்காது. மெல்ல மாடி ஏறிப்போய் அதற்கு ஒரு செம்பு ஊற்றுவேன். அது குடிப்பதைப் பார்த்தால் எனக்கே நெஞ்சு நனைந்ததுபோல் இருக்கும். அதற்காவது வயிறு நிறையட்டும் என்று நினைத்தேன்.”

விரலை விட்டு ஈரம் பார்க்காமல் ஒரு நாளும் நீர் ஊற்றாத உம்மா அவர்கள்! நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

மறுநாள் செடியை வேரோடு எடுத்து மண்ணைத் தட்டினோம். உம்மா நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். கத்தியைத் தீயில் காட்டி, அழுகிய பகுதியைச் சிறிது சிறிதாகச் செதுக்கினேன். பழுப்பு நிறம் முற்றிலும் நீங்கி வெள்ளைச் சதை தெரியும்வரை நிறுத்தக்கூடாது. ஒரு பொட்டு மிஞ்சினாலும் மீண்டும் பரவும். வெட்டிய இடத்தில் பூஞ்சைக்கொல்லித் தூளைத் தடவி, நிழலில், காற்று படும்படி வைத்தோம். இரண்டு வாரம் ஒரு சொட்டு நீர் இல்லை. காயம் காய்ந்து தோல் கட்டியபின், உலர்ந்த மணலில் நட்டோம். அதற்குப் பிறகும் ஒரு வாரம் நீர் ஊற்றவில்லை.

அந்த நாட்களில் உம்மா தினமும் அதன் அருகே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மாலை, தண்டில் தளிர் பச்சையாக எட்டிப்பார்த்தது. உம்மா அதைக் காட்டி, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்கள். பிறகு, “உன் குவளையை எடுத்து வா, இன்றைக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது பார்ப்போம்” என்றார்கள். அன்றிலிருந்து கணக்கை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதினோம். தாகம் குறையவில்லை. சில இரவுகள் கடினமாகவே இருந்தன. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சின்னப் பனிக்கட்டித் துண்டு ஒன்றைச் சப்பியபடி திக்ரு ஓதிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அதன்பின் என்னிடம் அவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.

கடைசி இரண்டு நாட்களில் மருத்துவர் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார். கேட்டதைக் கொடுங்கள் என்றார். நான் டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுபோனேன். உம்மாவால் ஒரு மடக்குக்குமேல் விழுங்க முடியவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மறுத்த ஒவ்வொரு டம்ளரும் பல மாதம் என் நெஞ்சில் இருந்தது. ஸூரத்துஸ் ஸுக்ருஃப் ஓதும்போது பதினோராம் வசனத்தில் ஒருநாள் நின்றுவிட்டேன். வானிலிருந்து நீரை அளவோடு இறக்கி, இறந்த நிலத்தை உயிர்ப்பிப்பதாக அல்லாஹ் அங்கே கூறுகிறான். எத்தனையோ முறை ஓதிய வசனம். அளவு என்பது கருணையின் குறைவு அல்ல, அதுவும் அவனது ரஹ்மத்தில் உள்ளதே என்று அன்று புரிந்துகொண்டேன். குரலை உயர்த்திய அந்த இரவுக்கு மட்டும் இன்றும் பாவமன்னிப்புக் கேட்கிறேன். அளந்து கொடுத்ததற்காக அல்ல, அன்போடு அளக்கத் தவறியதற்காக.

ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள், மறைந்த தம் தாயாருக்காக எந்தத் தர்மம் சிறந்தது எனக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தண்ணீர் என்றார்கள். அவரும் ஒரு கிணறு தோண்டினார். அபூதாவூதில் வரும் செய்தி இது. எனக்குக் கிணறு தோண்ட வசதியில்லை. வீட்டு வாசலில் ஒரு மண்பானையும் குவளையும் வைத்திருக்கிறேன். மாடியில், அடீனியத்துக்குப் பக்கத்தில், பறவைகளுக்காக ஓர் அகன்ற சட்டியும் இருக்கிறது. செடிக்கு விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். சட்டியைக் காலையும் மாலையும் விளிம்புவரை நிரப்புகிறேன்.

இவ்வாண்டு செடி காய்த்திருக்கிறது. நூல் கட்டியாகிவிட்டது. விதை கேட்டிருக்கும் சகோதரிகளுக்கு, இன்ஷா அல்லாஹ், தருவேன். உங்கள் வீட்டில் தண்ணீரை அளந்து குடிக்கும் நோயாளி யாரேனும் இருந்தால், அவர்களுக்காகவும் அவர்களுக்கு அளந்து கொடுப்பவர்களுக்காகவும் துஆ செய்யுங்கள். என் உம்மாவின் மஃபிரத்துக்காகவும்.

வஸ்ஸலாம்.