அப்பா வாங்கிய வேர்

பள்ளிக்கூடத்தில் ரசாயனம் கற்பிக்கும் உபாத்தியாயனுக்கு நம் நாட்டின் பெருமையைப் பேச அதிகமாகச் சந்தர்ப்பம் கிடைப்பதில்லை. பாடப் புத்தகத்தில் வரும் பெயர்களில் அநேகம் அயல்நாட்டுப் பெயர்கள். ஆகையால் சர்ப்பகந்திச் செடியின் கதை கிடைத்தபோது அதை நான் கெட்டியாகப் பிடித்துக் கொண்டேன். வகுப்பில் சொன்னேன், வீட்டுக்கு வந்த சிநேகிதர்களிடம் சொன்னேன், ஒரு நாள் மாலை திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொன்னேன். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த என் தகப்பனார் அன்று தூங்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் சொன்ன கதை இதுதான். சர்ப்பகந்தி ஓரிரண்டு அடி உயரம் வளரும் சிறு செடி. அதன் வேரைப் பீகாரில் பைத்தியத்துக்கு மருந்து என்றே ஜனங்கள் அழைத்து வந்தார்கள். நாட்டு மருந்துகளை நவீன ரசாயன முறையில் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் ஹக்கீம் அஜ்மல் கான். 1921-ல் ஆமதாபாத் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த அதே பெரியவர்தான். அவர் 1927-ல் காலமானார். ஆனால் அவருடைய ஆசை வீண்போகவில்லை. டில்லி திப்பியாக் கல்லூரியில் ஸலீமுஸ்ஸமான் ஸித்திகி என்ற ரசாயன நிபுணர் அந்த வேரிலிருந்து சில ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்து 1931-ல் வெளியிட்டார். அவற்றில் ஒன்றுக்கு அஜ்மலீன் என்று பெயரிட்டுத் தம் தலைவரின் ஞாபகத்தை நிலைநாட்டினார். அதே ஆண்டில் வங்காளத்து வைத்தியர்களான கணநாத் ஸென்னும் கார்த்திக் சந்திர போஸும், சித்தப் பிரமைக்கும் அதிக ரத்த அழுத்தத்துக்கும் இவ்வேர் பயன்படுவதைப் பற்றி எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், தம் நோயாளிகளிடம் கண்ட பலனை ஆங்கில வைத்திய சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் ஸ்விட்ஸர்லாந்தில் ரிஸர்ப்பின் என்னும் பொருளை இந்த வேரிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

"பார்த்தீர்களா, நம் காட்டு வேருக்கு எவ்வளவு சக்தி!" என்று முடிப்பேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

அப்பாவுக்கு வயது எழுபத்து நான்கு. ரத்த அழுத்தத்துக்காகப் பல வருஷங்களாக மாத்திரை சாப்பிடுகிறவர். திண்ணைப் பிரசங்கம் நடந்த சில நாளைக்கெல்லாம் அவர் சந்தைக்குப் போய், ஒரு வேர் வியாபாரியிடம் சர்ப்பகந்திப் பொடி என்று ஒரு பொட்டலம் வாங்கி வந்து, தினமும் வெந்நீரில் கலந்து குடிக்கத் தொடங்கினார். மாத்திரையையும் நிறுத்தவில்லை. இரண்டும் சேர்ந்தால் பலன் இரட்டிக்கும் என்பது அவருடைய கணக்கு.

முதலில் மூக்கடைப்பு வந்தது. ஜலதோஷம் என்று நினைத்தோம். பிறகு பகலிலும் தூங்கினார். வயதாகிவிட்டது என்று நினைத்தோம். பத்திரிகையை விளம்பரம் உட்பட வாசிக்கும் மனிதர், அதைப் பிரிக்காமலே வைத்துவிட்டார். ஒரு நாள் இரவு, "நான் இன்னும் எதற்கடா இருக்க வேண்டும்?" என்று என்னைக் கேட்டார். வாழ்நாளில் அப்படிப் பேசியவரல்லர். மறுவாரம் படுக்கையிலிருந்து எழுந்தவர், தலை சுற்றி நிலைப்படியின் மேல் விழுந்தார்.

டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அது மிகவும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். "சாப்பாட்டைத் தவிர ஒன்றுமில்லை" என்றார் அப்பா. வேரை அவர் மருந்தாகவே எண்ணவில்லை! அம்மாதான் வீட்டுக்கு ஆளனுப்பி அந்தப் பொட்டலத்தை வரவழைத்தாள்.

டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். நரம்பின் நுனிகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் சில ரசாயனச் சரக்குகளை ரிஸர்ப்பின் காலி செய்துவிடுகிறது. அதனால் ரத்த அழுத்தம் தணிகிறது. அதனாலேயே மூக்கு அடைக்கிறது, நாடி தளர்கிறது, தூக்கமும் வருகிறது. அதிக அளவில் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு உண்டானதாக 1950-களிலேயே வைத்தியர்கள் எழுதினார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அதைப் பற்றி ஒரே அபிப்பிராயம் சொல்லவில்லை. எப்படியும் அந்த மருந்தின் தினசரி அளவு கால் மில்லிகிராமுக்கு மேல் போவது அபூர்வம். ஒரு கடுகின் எடைக்குள் பல நாளைய மருந்து அடங்கிவிடும். அப்பா எடுத்துக்கொண்டதோ ஒரு தேக்கரண்டிப் பொடி!

"இந்தப் பொடியில் எவ்வளவு ரிஸர்ப்பின் இருக்கிறது?" என்று கேட்டேன்.

"உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. இது சர்ப்பகந்திதானா என்பதே சந்தேகம்" என்றார் டாக்டர்.

அதுவும் நியாயமே. வேருக்காகச் செடியையே பிடுங்கிப் பிடுங்கிக் காட்டில் சர்ப்பகந்தி அருகிவிட்டது. 1990 முதல் அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அருமையான சரக்கென்றால் கலப்படத்துக்குக் கேட்க வேண்டுமா?

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது என் தவறு எனக்கு விளங்கியது. நான் சொன்ன கதையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. வேருக்குச் சக்தி உண்டு என்பது ஸித்திகிக்கு முன்பே பீகார்க் கிராமவாசிக்குத் தெரியும். அதைப் பிரித்தார்கள், நிறுத்தார்கள், இவ்வளவு கொடுத்தால் இன்ன பலன், இன்ன தீங்கு என்று எழுதி வைத்தார்கள் என்பதல்லவா அந்தப் பெரியவர்களின் பெருமை? கை தட்டலுக்கு ஆசைப்பட்டு நான் தராசை விட்டுவிட்டேன். சக்தி உண்டு என்று சொன்னவன், சக்தியுள்ள பொருள் கெடுதலும் செய்யும் என்று சொல்லாமல் விட்டேன்.

பொடியை நிறுத்திச் சில வாரங்களில் அப்பா தேறினார். ஒரு நாள் காலை பத்திரிகையைக் கேட்டு வாங்கினார். அம்மா சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சர்ப்பகந்தியின் கதையை இப்போதும் வகுப்பில் சொல்லுகிறேன். ஆனால் முதலில் ரசாயனத் தராசை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். திண்ணையில் சொல்லும்போது அப்பா கண்ணைத் திறந்துகொண்டே கேட்கிறார். நடுவில் நான் எதையாவது விட்டுவிட்டால், "அளவைச் சொல்லடா!" என்று அதட்டுகிறார்.