ஆணை அட்டவணை

எங்கள் நாற்றங்கால் நீர்ப்பம்பினை ஆர்டுயினோ யூனோ என்னும் சிறு பலகை இயக்கிற்று. கணினியினின்று கம்பிவழி வரும் ஆணைச்சொற்களை யான் இருபது ‘இஃப்’ நிபந்தனைகளால் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சோதித்தேன். அதுவும் சொல்லின் தொடக்கத்தை மாத்திரம் ஒப்பிட்டு! ஓரிரவு, பம்பு ஓடிய நேரத்தை அறிய ‘ஆன்டைம்’ என வினவினேன். சங்கிலியில் மேலிருந்த ‘ஆன்’ முந்திக்கொண்டது. விடியுமட்டும் நீர் பாய்ந்து நாற்றுக்கள் மூழ்கின.

பின்னர் ஆணைப்பெயரையும் அதனை நிறைவேற்றும் செயற்கூற்றின் முகவரியையும் இணைத்து, ஆணைக்கொரு வரியாக அட்டவணை அமைத்தேன். முகவரிக்கு இரண்டு பைட்டே வேண்டும். ஒரே மடக்கு, வந்த சொல்லை முழுமையாய் ஒப்பிட்டு, உரிய செயற்கூற்றை அழைக்கும். பெயர்களை ஃபிளாஷ் நினைவகத்தில் வைத்தமையால், 2,048 பைட்டேயுள்ள ராம் நினைவகத்திலும் இடம் மிஞ்சிற்று.

மறுமாதம் இளமாணவர் ஒருவர் புதிய ஆணையொன்று சேர்த்தார். செயற்கூற்றோடு அட்டவணையில் ஒரு வரியே எழுதினார். என் பழைய சங்கிலியை அவர் கண்டிலர், நல்லதாயிற்று.