மருதமடுவின் மண்

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு மடுவை நோக்கித் திரும்பியதும் காற்றே மாறிவிடுகின்றது. பாலையும் வீரையும் முதிரையும் இருமருங்கும் அடர்ந்து நிற்கின்றன. ஆவணி 15ஆந் திகதித் திருநாளுக்காக வெயிலில் வாடி வந்த நாம், அந்நிழலிற் புகுந்ததும் களைப்பை மறந்தோம்.

இக்காட்டின் வரலாறே அடைக்கலத்தின் வரலாறுதான். ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த குடும்பங்கள் சில தேவ அன்னையின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு இங்கு வந்து சேர்ந்தன. அரசு துரத்தியவர்களைக் காடு ஏற்றுக்கொண்டது. 1990ஆம் ஆண்டின் பின்னரும், போரினால் வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் இத்திருப்பதியின் சுற்றாடலிலேயே தங்கியிருந்தனர்.

மடுவுக்கு வருவோர் திரும்புகையில் ஒரு பிடி மண் எடுத்துச் செல்வது வழக்கம். அது விஷக்கடிக்கு மருந்தாகும் என்பது தமிழரும் சிங்களவரும் நெடுங்காலமாகப் போற்றிவரும் நம்பிக்கை.

நம் அருகில் மரத்தடியில் தங்கியிருந்த ஆச்சி ஒருவரும் மண்ணை அள்ளிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அவ்வேளை, நம்முடன் வந்த சிறுவன் உணவு உண்ட பொலித்தீன் தாளைப் பற்றைக்குள் எறிந்தான். ஆச்சி கோபிக்கவில்லை. மெல்ல எழுந்து சென்று அதை எடுத்துவந்து அவன் கையிற் கொடுத்தார்.

“மருந்து எடுக்கிற இடத்திலை நஞ்சைப் போடலாமோ, மோனை?” என்றார்.

சிறுவன் தலைகுனிந்தான். உண்மையில் நாணியவர் நாமே. அவனுக்கு முன்னே எறிந்தவர்கள் பெரியவர்களாகிய நாமல்லவா?

ஆதியாகமத்தின்படி, இறைவன் மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவுமே. நாமோ முதற் சொல்லைப் பற்றிக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டோம். ஞாயிற்றையும் நீரையும் உடன்பிறந்தாராகப் பாடிய அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1226இல் மறைந்தார். அவரைச் சூழலியலாளரின் பாதுகாவலராக 1979இல் திருச்சபை அறிவித்தது. அவர் பெயரைத் தாங்கிய பாப்பரசர் பிரான்சிஸ் 2015 தை 14ஆந் திகதி இம்மடுத் திருப்பதிக்கு வந்து செபித்தார். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ என்னும் திருமடல், பூமியை அனைவருக்கும் பொதுவான இல்லம் என்கின்றது. பூமியின் துயரையும் ஏழையின் துயரையும் பிரித்துப் பார்க்கலாகாது என்கின்றது. காட்டின் நிழலில் உயிர்பிழைத்தோரின் வழிவந்தவர்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

மாலையில் திருச்சுரூபப் பவனி முடிந்ததும் புறப்பட ஆயத்தமானோம். சிறுவன் யாரும் ஏவாமலே நாம் தங்கிய மரத்தடியைத் துப்புரவாக்கி, குப்பைகளைப் பையொன்றிற் கட்டினான். ஒரு கையில் அந்தப் பை. மறு கையில் ஒரு பிடி மடு மண். இரண்டையும் நாம் வீட்டுக்கே கொண்டுவந்தோம்.