பின்வரிசையில் நின்றவர்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் கடிதம் விடுத்தபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது சங்க இலக்கியம் பற்றியோ நாவலர் பெருமானின் தொண்டு பற்றியோ ஒரு கட்டுரையாகவே இருந்திருக்கும். அவற்றை எழுதுதற்கு என்னினும் வல்லார் பழைய மாணவருள் பலர் உளர். நான் எழுதப் புகுவது பிறேசில் நாட்டு உதைபந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றி. இலக்கியப் பகுதியில் இதற்கு இடமில்லையாயின் விளையாட்டுப் பகுதியிற் சேர்த்துக்கொள்க. அங்கும் இடமில்லையாயின் விளம்பரங்களுக்கிடையே எங்கேனும் செருகிவிடுக.

நமது கல்லூரி அணியில் வலப்புறப் பின்காப்பாளனாக நான் ஆடினேன் என்பதை இன்று என் உடம்பைக் காண்போர் நம்பமாட்டார். அக்காலத்தில் விரைந்து ஓடுபவன் முன்வரிசைக்குப் போவான், நெடியவன் கோல் காப்பான், எஞ்சியோர் பின்வரிசைக்கு. நான் எஞ்சியோருள் ஒருவன். முன்வரிசைக்காரன் பத்து முறை தவறி ஒருமுறை கோல் அடித்தால் தோளிற் சுமக்கப்படுவான். பின்வரிசைக்காரன் பத்து முறை தடுத்து ஒருமுறை தவறினால், அந்த ஒருமுறையே ஊரில் அவன் பெயராகிவிடும்.

எனக்கு அந்த ஒருமுறை 1996ஆம் ஆண்டில் வந்தது. மழை பெய்து ஓய்ந்த மாலை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. இரு பக்கத்தாரும் கோல் அடித்திலர். என் காலுக்கு வந்த பந்தை, எவரும் நெருக்காத வேளையில், நம் கோல் காப்பாளனை நோக்கித் திருப்பிவிட்டேன். இடையிலே சேறு. பந்து அதிலே நின்றுவிட்டது. எதிரணிப் பையன் ஒருவன் ஓடிவந்து அதனை எடுத்துச் சென்றான். மிகுதியைச் சொல்ல வேண்டியதில்லை.

எவரும் என்னை ஏசவில்லை. எமக்குப் பயிற்சியளித்த ஆசிரியர் என் தோளிற் கைவைத்து, "நாளைக்கு நேரத்தோட வா" என்று மட்டும் கூறினார். நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. உயர்தரப் பரீட்சையைச் சாட்டாகக் கொண்டு, பின்னர் ஒருபோதும் மைதானத்துள் இறங்காமலே கல்லூரியைவிட்டு வெளியேறினேன். அந்த ஆசிரியர் இன்று உயிரோடில்லை.

2002ஆம் ஆண்டில் நான் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். உலகக் கிண்ணச் சுற்றுப்போட்டி அவ்வாண்டு யப்பானிலும் தென் கொரியாவிலும் நடைபெற்றது. யூன் 21ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பிறேசிலும் இங்கிலாந்தும் கால் இறுதியில் மோதின. நமக்கு அது மதிய உணவு வேளை. சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்தியவாறே தொலைக்காட்சியின் முன் கூடியிருந்தோம். 23ஆவது நிமிடம். இங்கிலாந்தின் ஹெஸ்கி நெடுந்தூரத்திலிருந்து ஒரு பந்தை அனுப்பினார். பிறேசிலின் பின்வரிசையில் நின்ற நெடிய மனிதர் அதனைத் தடுத்து நிறுத்த முயன்றார். பந்து அவர் வசப்படாது தெறித்தது. மைக்கல் ஓவன் அதனைப் பற்றிச் சென்று கோலாக்கினார். உடனிருந்தோர் ஆரவாரித்தனர். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முந்திய சேற்றை நான் மீண்டும் கண்டேன்.

அந்த நெடிய மனிதரே லூசியோ. இயற்பெயர் லூசிமார் ட சில்வா பெரெய்ரா. பிறேசிலின் தலைநகர்ப் புறத்தே பிளனல்டினா என்னும் ஊரில் 1978 மே 8ஆம் திகதி பிறந்தவர். அவர் பெரிய கழகமொன்றின் கண்ணிற் பட்ட வரலாறு விந்தையானது. 1997இல் குவாரா என்ற சிறு கழகத்துக்காக அவர் ஆடிய ஆட்டத்தில், போர்ட்டோ அலெக்ரே நகரத்து இன்டர்நேசனல் கழகம் ஏழு கோல்கள் அடித்தது; குவாரா ஒன்றுமே அடிக்கவில்லை. ஏழு கோல் வாங்கிய அணியின் பின்காப்பாளனை வென்ற கழகமே அழைத்துக்கொண்டது! ஏழு கோல்களுக்கிடையே அவர் செய்தவற்றையும் உற்றுப் பார்த்த கண் ஒன்று அங்கே இருந்திருக்கிறது. பரீட்சைத் தாளில் சிவப்பு மையால் பிழைகளை மட்டும் வட்டமிடும் நம் போன்றோர் அங்கில்லாதது அவர் நற்பேறு.

2001இல் அவர் ஜேர்மனியின் லெவர்குசன் கழகத்திற் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அக்கழகத்துக்கு வந்த துயர் புராணங்களிலும் அரிது. நாட்டின் முதன்மைப் போட்டித் தொடரில் மூன்று ஆட்டங்களே எஞ்சியிருக்க ஐந்து புள்ளிகள் முன்னணியில் நின்று, ஈற்றில் ஒரே புள்ளியால் இரண்டாமிடம். ஜேர்மன் கிண்ண இறுதியாட்டத்தில் தோல்வி. நான்கு நாள் கழித்து, மே 15ஆம் திகதி, கிளாஸ்கோ நகரில் ஐரோப்பியச் சம்பியன் கழகங்களின் இறுதியாட்டம்; எதிரே றியல் மட்றிட். முதற் கோலை வாங்கியதும் லூசியோ தலையால் முட்டிச் சமன் செய்தார். ஆயினும் இடைவேளைக்குச் சற்று முன்னர் சிடான் அந்தரத்திலே வந்த பந்தை இடக்காலால் உதைத்து அடித்த கோலே உலகின் நினைவில் நிற்கிறது. லூசியோவின் கோலை யார் நினைக்கிறார்? மூன்று கிண்ணங்களையும் ஒரே மாதத்துக்குள் இழந்த மனத்தோடுதான் அவர் யப்பானுக்குச் சென்றார். அங்கேதான் ஓவனிடம் அந்தப் பந்தை இழந்தார்.

அன்றைய ஆட்டத்தின் மிகுதி யாவரும் அறிந்ததே. இடைவேளைக்கு முன் றிவால்டோ சமன் செய்தார். பின்னர் றொனால்டினோ தூரத்திலிருந்து உதைத்த பந்து கோல் காப்பாளரின் தலைக்கு மேலாக வலையில் வீழ்ந்தது. சில நிமிடங்களுள் றொனால்டினோவை மத்தியஸ்தர் வெளியேற்ற, பிறேசில் பத்துப் பேருடன் அரை மணி நேரத்துக்கு மேல் முன்னிலையைக் காக்க வேண்டியதாயிற்று. காத்தது. அரையிறுதியில் துருக்கியை 1-0 எனவும், யூன் 30ஆம் திகதி யொகோஹாமா இறுதியாட்டத்தில் ஜேர்மனியை 2-0 எனவும் வென்றது. அந்த ஜேர்மன் அணியில் லெவர்குசனில் லூசியோவுடன் ஆடிய தோழரும் இருந்தனர்.

அதன் பின்னர் வந்த ஐரோப்பிய வாழ்வைச் சுருங்கச் சொல்லலாம். 2004 முதல் 2009 வரை பயர்ன் மியூனிக் கழகத்தில் ஆடி, ஜேர்மன் முதன்மைப் பட்டத்தையும் கிண்ணத்தையும் சேர்த்தே மூன்று முறை வென்றார். 2006ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் தொடர்ந்து 386 நிமிடங்கள் ஒரு தவறாட்டமும் ஆடாது பின்வரிசையைக் காத்தார். பந்தையன்றி ஆளைத் தொடாத காவல் அது. 2009இல் பயர்ன் அவரை இத்தாலியின் இன்டர் மிலானுக்கு விற்றது. அடுத்த ஆண்டு மே 22ஆம் திகதி மட்றிட் நகரில் ஐரோப்பிய இறுதியாட்டத்திலே இன்டரை எதிர்த்து வந்து நின்ற கழகம் எது? அதே பயர்ன்! இன்டர் 2-0 என வென்றது. நாட்டுக்காக அவர் ஆடியவை 105 ஆட்டங்கள்.

முதுமை நெருங்கிய 2015இல் அவர் இந்தியாவுக்கும் வந்து, கோவா அணியிற் சேர்ந்தார். அவ்வாண்டு இறுதியாட்டத்தில் கோவா 2-1 என முன்னின்றபோது, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்துக் கிண்ணத்தைக் கொண்டுபோனது சென்னை அணி. தமிழன் என்ற முறையில் மகிழ்ந்தேன். பின்வரிசைக்காரன் என்ற முறையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.

இனித் தம்புள்ளைக்கு வருகிறேன். இங்கே நான் தமிழ் கற்பிக்கும் பாடசாலையில் உதைபந்தாட்டத்துக்கென ஆசிரியர் இல்லாமையால் அப்பொறுப்பும் என் தலையில் விழுந்தது. 2001இல் எழுந்த சர்வதேசக் கிரிக்கெட் அரங்கு அணித்தே இருப்பதால் ஊர்ச் சிறுவர் யாவருக்கும் துடுப்பாட்ட மோகமே மிகுதி. எஞ்சியவர்களைக் கொண்டுதான், கல்லை நட்டுக் கோல் கம்பமாக்கி, செம்மண் தரையில் ஆடுகிறோம். சென்ற ஆண்டு எப்படியோ வலயப் போட்டியின் அரையிறுதி வரை சென்றோம். கடைசி நிமிடத்தில், உயர்ந்து வந்த பந்தை நெஞ்சில் ஏந்த முயன்ற நம் பின்காப்பாளன் ஒருவன் அதனை நழுவவிட்டான். 2-1 எனத் தோற்றோம். திரும்பி வரும் பேருந்தில் எவரும் அவனோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. என் ஆசிரியர் எனக்குச் செய்த அளவேனும் நான் அவனுக்குச் செய்யவில்லை என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன்.

நான்கு நாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. அது சாதாரண தரப் பரீட்சை ஆண்டு. ஐந்தாம் நாள் வீடு தேடிச் சென்றேன். தந்தையார் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டை சுமக்கும் நாட்டாமை. "ராவைக்கு என்னோட மூட்ட தூக்க வாறான் சேர். இனி ஸ்கூலுக்குப் போகல்லயாம்" என்றார். பையன் கதவோரத்தில் நின்றான். தோளில் சாக்கு உராய்ந்த சிவப்பு.

அறிவுரை சொல்ல வாய் வரவில்லை. கைத்தொலைபேசியில் ஓவனின் அந்தக் கோலைக் காட்டி, லூசியோவின் கதையைச் சொன்னேன். அவன் அதனை மும்முறை பார்த்தான்.

"அதுக்குப் பொறகு அவர் என்ன செஞ்சார், சேர்?"

"உலகக் கிண்ணத்தை வென்றார், தம்பி."

"அது கடைசியில. நான் கேக்குறது அடுத்த நிமிசத்துல."

எனக்கு விடை தெரியவில்லை. கோல்களை மட்டும் வெட்டித் தொகுத்த படங்களில் அந்த அடுத்த நிமிடம் இருப்பதில்லை. அன்றிரவு முழு ஆட்டத்தையும் தேடியெடுத்து, அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வந்தபோது தடுக்கிறார், வராதபோது தம் இடத்திற்குத் திரும்பி நிற்கிறார், மீண்டும் தடுக்கிறார். எடுத்துச் சொல்லுதற்கு வேறொன்றுமில்லை. மறுநாள் மாலை சென்று அதனையே சொன்னேன். ஓவன் அடித்ததே அந்தச் சுற்றுப்போட்டியில் பிறேசில் வாங்கிய கடைசிக் கோல் என்பதையும் சொன்னேன். பையன் விரலை மடக்கினான். அன்றைக்கு மிகுதி 67 நிமிடங்கள், அரையிறுதி 90, இறுதி 90.

"எரநூத்தி நாப்பத்தேழு" என்றான்.

பின்னர், ஏன் என்று இன்றும் தெரியாது, 1996ஆம் ஆண்டுச் சேற்றின் கதையையும் அவனுக்குச் சொன்னேன். மனைவிக்கும் சொல்லாத கதை. அவன் குறுக்கிடாமற் கேட்டான். முடிந்ததும் ஒரே கேள்வி.

"அடுத்த நாள் நீங்க வெளையாடப் போனீங்களா, சேர்?"

"போகவில்லை" என்றேன்.

அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். தந்தையார் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு தனியாகவே வேலைக்குப் புறப்பட்டார்.

திங்கட்கிழமை மாலை பையன் மைதானத்தில் நின்றான். மற்றவர் வருமுன்னரே வந்திருந்தான். உயர்ந்த பந்துகளாக அடித்துத் தருமாறு என்னைக் கேட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்து, 1996இன் பின் முதன்முறையாகப் பந்தை உதைத்தேன். அது கோணலாகப் போய் வேலிக்கப்பால் விழுந்தது. "பரவாயில்ல சேர், இன்னொண்டு அடிங்க" என்று கூவியபடி அதனை எடுக்க ஓடினான்.